மிதவை

வாடைக்காற்றில் சங்கிலி அறுந்து
மோர்ப்பண்ணைக் கரையில் ஒதுங்கியது அது.
ஆள் உயரச் சிவப்பு இரும்பு. உள்ளே காற்று.
தட்டினால் கோயில் அண்டாவின் சத்தம்.

நான் கர்ணம். எழுத வேண்டியவன்.
என் அடங்கலில் புறம்போக்குக்குக் கட்டம் உண்டு,
பனைக்கு, உடைமரத்துக்கு உண்டு.
கடல் கொண்டுவந்து போட்டதற்கு இல்லை.

தாலுகா ஆபீஸ் எழுதியது:
மிதவை, கலங்கரை விளக்கம் யூனியன் ஜாபிதா.
நாம் தொடக்கூடாது.
ஒன்பது வாரம் கழித்து டில்லி எழுதியது:
மிதக்கும்வரை எங்களுடையது.
தரை தட்டியபின் நிலத்தின் மேல் கிடக்கும் பொருள்;
நிலம் ராஜ்ய ஜாபிதா.
இரண்டு தாளிலும் அதே சிங்கங்கள்,
எங்களுடையதில் பின்னால் ஒரு கோபுரம்.
முதுகோடு முதுகு ஒட்டியவை.
ஒன்றின் முகம் மற்றதற்குத் தெரியாது.

அதற்குள் நம்பாயி அதன் நிழலில் ஆட்டைக் கட்டினாள்.
இரண்டு குட்டி.
முதல் தேர்தல் வந்தது. ஆளுக்கொரு பக்கம்
சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் தகராறு இல்லை.

டீக்கடையில்தான் தகராறு.
வக்கீல் குமாஸ்தா சேதுமாணிக்கம் சொன்னார்:
"தேசம் பிளந்த ரத்தம் இன்னும் காயலை.
நடுவுல இறுக்கிப் பிடிக்காட்டி சிதறிப்போகும்."
செய்யது நயினா கிளாஸை வைத்தார்:
"கொழும்புக்குக் கருவாடு அனுப்ப டில்லிக் காகிதம்.
எங்க கடல் பச்சையா நீலமான்னு
அந்தக் காகிதத்துக்குத் தெரியுமா?"
நம்புக்காளை பீடியை அணைத்தான்.
"வத்தை சாயுறப்போ பலகையில
எந்தப் பக்கம் ஏறணும்னு காத்துதான் சொல்லும்.
ஒரே பக்கம் உக்காந்தவன் எவன் கரை சேர்ந்தான்?"
யாருக்குச் சொன்னான் என்று விளங்கவில்லை.
இருவருமே தலையாட்டினார்கள்.

மாசி அமாவாசை. ஓடு ஏற்றிவந்த தோணி
மிதவை இல்லாத இடத்தில் பாரில் மோதியது.
ஐந்து பேரில் நாலு பேர் நீந்தி வந்தார்கள்.
நம்புக்காளையின் மச்சினன் வரவில்லை.

முன்சீப்புக்குக் கண் மங்கல்.
இறப்புப் பதிவேட்டையும் நான்தான் எழுதினேன்.
இதற்குக் கட்டம் இருந்தது.
பெயர், வயது, காரணம்.
சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்:
பிறப்பு இறப்புக் கணக்கு பொது ஜாபிதா.
இருவருக்கும் உரியது.

மூன்றாம் நாள் ராத்திரி
நாற்பது பேர் கயிறு கட்டி அதைக் கடலுக்கு இழுத்தார்கள்.
எனக்குக் கேட்டது. விளக்கைத் தணித்துக்கொண்டேன்.

சித்திரையில் கடிதம்: பொருளின் தற்போதைய நிலை என்ன?
மிதக்கிறது, என்று எழுதினேன்.
யார் மிதக்கவிட்டார்கள் என்று எழுதவில்லை.
நம்பாயி ஆட்டைப் பனையில் கட்டியிருந்தாள்.