எட்டா, பத்தா

கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்த பவளம்.
தெர்மாகோல் பெட்டிக்குள் இரண்டு பாலிதீன் பை,
ஒன்றில் பச்சை, ஒன்றில் ஆரஞ்சு.
காரைக்குடியில் விடியுமுன் இறக்கித் தந்த கிளீனர்
மீனா சார் என்றான்.
பூ மாதிரி, ஆனால் பூ இல்லை என்றேன்.
அதற்கும் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் வாரம்
ஆரஞ்சுக் கூட்டத்தில் நான்கு வாய் திறக்கவில்லை.
உப்பு சரி. சூடு இருபத்தாறு. நைட்ரேட் ஐந்து.
சம்பை ஊற்றுத் தண்ணியை வடிகட்டி
வாளி உப்பைக் கரைத்து நானே செய்த கடல்;
இதில் நடக்கும் குற்றத்துக்கெல்லாம்
வேறு யாரைக் கேட்பது.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில்.
வாடகைக்கு வரும் சாத்தையா
தொட்டியைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்ப்பார்.
ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.
"கடல் கொண்டுபோச்சுன்னு ஓடியாந்து
மேடு பாத்துக் கட்டுன ஊரு இது.
நீங்க மாடிக்கே கொண்டாந்துட்டீகளே தம்பி."

பதினொன்றரைக்கு எல்லா விளக்கையும் அணைத்தேன்.
டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம்.
மொபைல் கேமராவில்
லேசர் பொம்மையிலிருந்து பிடுங்கி ஒட்டிய லென்ஸ்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, மூடிய வாயின் விளிம்பில்
கால்கள் நடந்தன.
கால்கள் மட்டும். நடுவில்
உடம்பென்று சொல்ல எதுவும் இல்லை,
ஒரு மயிரிழையை முடிச்சுப் போட்டு
முடிச்சை எடுக்க மறந்த மாதிரி.

கடல் உயிரியல் படித்துவிட்டு
இறால் பண்ணையில் வேலை பார்க்கும் கிளாட்வினுக்குப் படம் அனுப்பினேன்.
மங்கல்டா, என்றான். கால் எட்டா, பத்தா?
பத்தென்றால் நண்டுக் குட்டி, இருந்துவிட்டுப் போகட்டும்.
எட்டென்றால் கடற்சிலந்தி.
ஊசிமூக்கைச் செருகி உறிஞ்சும்.
எண்ணிச் சொல்.

எண்ணுவது என் பிழைப்பு.
செக்காலை ரோட்டு லேப்பில்
காய்ச்சல் சீசன் முழுக்கத் தட்டணு எண்ணினேன்.
அன்றைக்கு ஒரு ஸ்லைடு:
அடைக்கம்மை, பெண், நாற்பத்தொன்று, பள்ளத்தூர்.
வெள்ளணுக்களின் நடுவே ஒன்று,
பெரிதாக, அவசரமாகப் பிறந்ததுபோல.
தள்ளினால் இன்னொன்று.
எனக்குப் பெயர் தெரியாதென்று சொல்ல முடியாது.
எனக்கு அதை எழுத உரிமை இல்லை.
மேல் பரிசோதனைக்கு மதுரை, என்று மட்டும்
டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு
கண்ணாடிச் சீசாவிலிருந்து பிப்பெட்டால் எடுத்து
ஒரு சொட்டுக் கடலோடு வைத்தேன்.
நாலு மடங்கு லென்ஸ் போதும்.
ஒன்று, இரண்டு. அசைந்தது. மறுபடி ஒன்று.
எட்டு.
வயிற்றடியில் வேறு இரண்டு சின்னக் கால்கள் மடங்கியிருந்தன,
அவற்றில் வெண்ணிற உருண்டைகள், ரசகுல்லாப் பொட்டலம் போல.
கிளாட்வினைக் கேட்டேன்.
முட்டை. இந்த இனத்தில் அப்பன்தான் சுமப்பான், என்றான்.
பிறகு, சாதாரண தண்ணியில் முக்கு, உதிர்ந்துவிடும், என்றான்.

ஸ்லைடில் சொட்டு காய ஆரம்பித்தது.
ஓரத்தில் உப்புக் கட்டம் கட்டமாக நின்றது.
இன்னொரு சொட்டு விட்டேன்.
ஏன் விட்டேன் என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பவளத்தை எடுத்துக்
கிண்ணத்தில் முக்கினேன். மூன்று நிமிடம்.
பதினொன்று உதிர்ந்தன.
ஸ்லைடில் இருந்ததோடு பன்னிரண்டு.
செவ்வாய்க்கிழமை இரண்டு வாய் திறந்தது,
ஓரங்களில் கொஞ்சம் வெளிறி.

புதன்கிழமை லேப் போன்.
"தம்பி, பள்ளத்தூர் அடைக்கம்மை பேசுறேன்.
அது என்னன்னு தெரிஞ்சுதா?"

என் முன்னால் வேறு யாருடையதோ ரத்தம்,
எண்பத்தேழில் நின்றிருந்தது என் விரல்.

மதுரையில எண்ணிக்கிட்டிருக்காங்கக்கா, என்றேன்.
"எண்ணட்டும், எண்ணட்டும்," என்றார்,
போனை வைக்காமல்.