இருபத்தாறரைப் பவுண்

செட்டியார் தெருவில் கடை பூட்டுகிற நேரம், மழை.
கம்பிக் கதவுக்கும் கானுக்கும் நடுவில்
ஈரமாய் ஒரு சத்தம்.
எலி என்றான் றிஸ்மி.
எலி இப்படி ஆளைக் கூப்பிடாது.

முதலாளி வங்கிக்குப் போன பத்து நிமிசத்தில்
நகை நிறுக்கிற தராசில் அதை வைத்தோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
எட்டால் வகுத்தான், பழக்கதோசம்:
"இருபத்தாறரைப் பவுண்.
அடகு வைத்தால் காணி வாங்கலாம் அக்கா."
சிரித்து முடிக்கமுதல்
அது தராசில் மூத்திரம் பெய்தது.

ஜம்பட்டா வீதியில் என் அறை.
சமைக்கக் கூடாது, ஆண்கள் வரக் கூடாது,
ஒன்பது மணிக்குப் பிறகு குழாய் திறக்கக் கூடாது.
பூனையைப் பற்றிப் பிலோமினா அன்ரி
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இருந்த பால்மாவைக் கரைத்துக் கொடுத்தேன்.
பிழை.
விடியமுதல் மூன்று தரம் கழிந்து
துணி போலக் கிடந்தது.
காலையில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
நான் வேலை செய்யும் இடத்தில்
ஒரே இரவில் பதினாலு கிராம் குறைந்தால்
பொலிஸ் வரும்.

மருந்து எழுதின டொக்டர்
மாட்டுப்பாலை நிறுத்து என்றார்.
குட்டிகளுக்கென்று தகரத்தில் வருகிற பால்மா
வாடகையில் கால்வாசி.
தேதி இருபத்துமூன்று.
கைப்பையில் ஆயிரத்துச் சொச்சம்,
பஸ்ஸுக்கு ஒதுக்கினதையும் சேர்த்து.

மோதிரம் இரண்டு கிராமும் கொஞ்சமும்.
ஐயாயிரம்தான் எடுத்தேன், அதற்கு மேல் பயம்.
துண்டை நானே எழுதினேன்:
பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம்.
காரணம் என்றொரு கட்டம்
எங்கள் துண்டில் இல்லை.
வளையல் கழற்றுகிற நேரம்
எல்லாரும் கொஞ்சம் கூடப் பேசுவார்கள்,
மகளின் ரியூசன், அவரின் ஒப்பரேசன்,
அடுத்த மாதம் கட்டாயம் மீட்டுவிடுவேன்.
பதினொரு வருசமாய்த் தலையாட்டியிருக்கிறேன்.
அன்றைக்கு நான் பேசினேன்,
றிஸ்மி தலையாட்டினான்.

மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா
ஊசி கழற்றின சிரிஞ்சால் துளித் துளியாய்.
காலுறைக்குள் சுடுதண்ணிப் போத்தல், அதன் பக்கத்தில் அது.
குடித்து முடிந்ததும்
ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் துடைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் மூத்திரம் போகாது.
தாயின் நாக்கு செய்கிற வேலை.
பகலில் மேசை லாச்சிக்குள்,
பழைய துண்டுப் புத்தகங்களின் மேல்.
ஒரு கிழவர் தாலிக்கொடியை நீட்டியபோது
லாச்சி கத்தியது.
அவர் ஒன்றும் கேட்கவில்லை,
முதல் தடவையாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பல் வந்ததும் மீன்.
சந்தையில் சோமலதா தலைகளைக் கூட்டி
உறையில் கட்டிவிட்டுத்தான்
"பூஸாட்டத?" என்று கேட்பாள். காசு வாங்க மாட்டாள்.
அவளுடைய முகத்துக்காகக்
கால் கிலோ சூடையும் வாங்குவேன்.
உப்பில்லை, புளியில்லை,
கேத்தலுக்குள் அவித்து
முள்ளெடுத்துப் பிசைந்து வைத்தால்
உறுமிக்கொண்டு தின்கிறது,
யாரோ பறிக்க வருவதுபோல.
இப்போது என் தேத்தண்ணியிலும் சூடை வாசம்.
மண்ணுக்குப் பதிலாய் மரக்காலையில் சும்மா கிடக்கிற மரத்தூள்.
அதற்கும் ஓட்டோவுக்குக் காசு போனது,
அதை நான் கணக்கில் எழுதவில்லை.

"மீன் மணக்குதே பிள்ளை"
வாசலில் பிலோமினா அன்ரி.
கருவாட்டுச் சம்பல் என்றேன்.
கட்டிலுக்குக் கீழே
பிஸ்கட் பெட்டி தன்பாட்டில் அசைந்தது.
அவ பெட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, போனா.
அடுத்த மாதத் தண்ணி பில்லில்
என் பங்கு இருநூறு ரூபா கூடியிருந்தது.
ஏனென்று அவ சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

எங்கள் தராசு ஐந்நூறு கிராம் வரைக்கும்தான்.
நேற்று வைத்தோம்.
திரையில் எண் இல்லை, ஒரு கோடு மட்டும்.
வகுக்க ஒன்றுமில்லாமல் நின்றான் றிஸ்மி.

மோதிரம் இன்னும் பெட்டகத்தில்.
விரலில் அது இருந்த வெள்ளைத் தடத்தை
அரம் போன்ற நாக்கால்
தேய்த்துக்கொண்டே இருக்கிறது குட்டி.
வட்டி மாதம் நூறு.
சூடை கால் கிலோ அதைவிடக் கூட.