வெள்ளம்

மனு எண் நானூற்றுப் பதினேழு.
பள்ளி நோட்டில் கிழித்த தாள், விளிம்பில் பிசிறு.
பனவிளைக் கீழத்தெரு சொர்ணபாய் எழுதியிருந்தாள்:
"ஐயா, பதினோரு நாளாய் எங்கள் தெருவில்
வெள்ளம் வரவில்லை.
ஆவன செய்ய வேண்டுகிறேன்."

நான்தான் வாங்கினேன்.
தேதி முத்திரை குத்தி
மாடிக்கு அனுப்பினேன்.

மாடியில் புதிய உதவிப் பொறியாளர்.
தர்மபுரிப் பக்கம். பெயர் தீர்த்தகிரி.
வந்து இருபது நாள் ஆகவில்லை,
மேசைக்கடியில் பிரிக்காத பெட்டி ஒன்று.
மனுவின் ஓரத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்:
"மகிழ்ச்சி. மேல்நடவடிக்கை தேவையில்லை."

அவர் ஊரில் வெள்ளம் என்றால்
ஆட்டையும் மாட்டையும் இழுத்துப் போவது.
எங்களுக்கு அது
விக்கலுக்கு ஒரு மடக்கு,
உலைக்கு நாலு செம்பு,
பந்தியில் இலை போட்டதும் முதலில் தெளிப்பது.

எனக்கு இரண்டு வெள்ளமும் தெரியும்.
படியேறிப் போய்ச் சொல்லியிருக்கலாம்.
அன்று வெள்ளிக்கிழமை, மணி ஐந்தே கால்.
அண்ணா பேருந்து நிலையத்தில்
திங்கள்நகர் வண்டி ஐந்தரைக்கு.
'முடிந்தவை' கட்டில் மனுவைச் சொருகினேன்.

ஒன்பதாம் நாள் அவளே வந்தாள்,
குடிநீர்க் கட்டணம் கட்டிய ரசீதோடு.
அந்நேரம் பார்த்துப் பொறியாளர் இறங்கி வந்தார்.
"ஏம்மா, வெள்ளம் வரலைன்னா நல்லதுதானே?"

கிணற்றில் விழுந்த செருப்பைப் பார்ப்பதுபோல்
அவரைப் பார்த்தாள்.
"நல்லதா? பிள்ளையளுக்குக் கால் கழுவ வழியில்ல,
லாரிக்காரன் குடத்துக்குப் பன்னிரண்டு ரூவா கேக்கான்.
இது நல்லதா சாரே?"

அவர் என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
"உங்களுக்குத் தெரியுமா?"
"தெரியும் சார்."
மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.
அவரே கட்டை அவிழ்த்து மனுவை உருவினார்,
அவள் பார்க்கப் பார்க்க.

வால்வு திறக்கும் சுயம்புலிங்கம்
ஆளுயர இரும்புச் சாவியோடு தெருவுக்குப் போனார்.
வால்வைக் காணோம்.
மாசியில் போட்ட புதுச் சாலை
அதன் மூடிமேலேயே ஏறிப் படுத்திருந்தது.
சாலை ஒரு பிரிவு. குடிநீர் ஒரு பிரிவு.
நான்கு விரல் தாரை வெட்ட
அனுமதி கேட்டு ஒரு கோப்பு போனது.
கோப்பு கேள்வியோடு திரும்பியது.
பதிலோடு மறுபடி போனது.

அதற்குள் ஐப்பசி.
மூன்று ராத்திரி விடாமல் கொட்டியது.
ஆறு கரையேறிப் பனவிளைக்குள் நடந்தது.

மனு எண் அறுநூற்று இரண்டு.
அதே நோட்டு, நனைந்த தாள்:
"ஐயா, எங்கள் தெருவில் வெள்ளம் வந்துவிட்டது."
கீழே அடைப்புக்குறிக்குள், இரண்டு கோடு இழுத்து:
"(குடிக்கிறது அல்ல)".

இந்த முறை நானே மாடிக்கு ஓடினேன்.
தீர்த்தகிரி படித்தார். சிரிக்கவில்லை.
கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டினார்.

தெருவில் தார் அப்பளம்போல் பெயர்ந்து
பாளம் பாளமாய்க் கிடந்தது.
கலங்கலுக்குள் சாவியை விட்டுத் துழாவினார் சுயம்புலிங்கம்.
மண். கல். மண்.
பிறகு டங் என்று ஒரு சத்தம்.
மூடியை நெம்பி, பல்லைக் கடித்துப்
பதினான்கு சுற்றுச் சுற்றினார்.

சொர்ணபாய் வீட்டு வாசல் குழாய் இருமியது.
காற்றைத் துப்பியது, துருவைத் துப்பியது,
அப்புறம் ஒழுங்காக ஊற்றியது.
முட்டளவு வெள்ளத்தில் நின்றுகொண்டு
அவள் வெள்ளம் பிடித்தாள்.

குடத்தை இடுப்பில் ஏற்றி என் பக்கம் திரும்பினாள்:
"சாரே, இதையும் முடிஞ்ச கட்டுல வச்சிராதேயும்.
தெருவுல கெடக்கது
இன்னும் போகல்ல."