மூன்று நிமிடம்

நாவற்குடாவில் விடிய ஐந்தரைக்கு எடுத்தால்
ஒன்பதரைக்குள் திருகோணமலை, சபை வாசல்.
மாதம் இரண்டு தரம். ஐந்து வருசம்.
வேனை ஓட்டியவன் நான்.
பின்சீட்டில் கௌரவ உறுப்பினர் குலவீரசிங்கம்,
விருப்பிலக்கம் பதினொன்று,
நாற்பத்தொரு வாக்கால் தப்பிப் பிழைத்தவர்.

ஓட்டமாவடிப் பாலம் தாண்டும்வரை தொலைபேசி:
இடமாற்றம், மின்கம்பம், மாடு பிடித்த வழக்கு,
யாரோ ஒருவரின் மகளுக்குத் தொண்டர் ஆசிரியர் நியமனம்.
"பார்ப்பம்" என்பார். "பார்ப்பம் மனே."
அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை என்று
எனக்குத்தான் தெரியும்.
முடியும் என்ற பார்ப்பம், முடியாது என்ற பார்ப்பம்,
இப்ப அழுதுபோடாதே என்ற பார்ப்பம்.

வாகரை வந்தால் சிக்னல் போய்விடும்.
மறுகாதான் பேச்சு.
சேர்ட்டின் மேல் பொத்தானைப் போடுவார்,
சீட்டின் நுனிக்கு வருவார்,
என் பிடரியைப் பார்த்து
"கௌரவ தவிசாளர் அவர்களே" என்பார்.
கடல் ஒரு பக்கம் பற்றைக்காடு ஒரு பக்கமாய் ஓடும் அந்தத் தெருவில்
எங்கள் ஊர்க் கானைப்பற்றி அவர் பேசியதை
நீங்கள் கேட்டிருக்கவேண்டும்.
முதல் மழைக்கே அடுப்பைக் கட்டிலில் தூக்கி வைக்கிற வீடுகள்,
பிள்ளைப்பெறப் போன ஓட்டோ
முழங்கால் தண்ணியில் நின்ற இரவு,
எல்லாம் இருந்தது அதில்.
வெருகல் பாலத்தில் ஒருதரம் கண் கலங்கிப்போனேன்.
தூசி என்று சொன்னேன்.

சபையில் மூன்று நிமிடம் கொடுப்பார்கள்.
மொழிபெயர்க்கும் கருவி
அரைவாசிப் பேரின் காதில் இல்லை, மேசையில்.
தவிசாளருக்கு நன்றி, தலைமைக்கு நன்றி,
"இந்த நிதியாண்டில்" என்கிறபோது
மணி அடிக்கும்.
உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்.
மூதூரில் சோறு தின்னும்போது கேட்பார்,
"எப்படி?"
"காலையில் நல்லாயிருந்தது" என்பேன்.

நாலாம் வருசம் கான் வந்தது.
முன்னூறு மீற்றர் கொங்கிறீட், பெயர்ப்பலகை, சிவப்பு ரிபன்.
சரிவு பிழைத்துவிட்டது.
களப்புக்குப் போகவேண்டிய தண்ணி
கிறுகி வந்து
பாலர் பாடசாலை வாசலில் குந்தியது.
ஒப்பந்தக்காரர் அவருடைய மச்சான்.
அதைப்பற்றி அவர்
வாகரைத் தெருவிலும் பேசவில்லை.

மறுகா சபை கலைந்தது. தேர்தல் வரும் என்றார்கள்.
அடுத்த வருசமும் வரும் என்றார்கள்.
வேனை விற்றார். நான் இப்போது கல்லடியில் ஓட்டோ.
மிஞ்சிய கடிதத்தலைப்புகளின் பின்பக்கத்தில்
அவர் மனைவி பால்கணக்கு எழுதுகிறா.
சந்தியில் இன்னும் "எம்பீசீ" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
பகிடியா பாசமா,
அவர் விசாரிப்பதில்லை.

போன கார்த்திகை அடைமழையில்
இரவு பதினொரு மணிக்கு அழைத்தார்.
போனால், சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு
கானுக்குள் நிற்கிறார், கையில் அலவாங்கு.
சொந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே
கொங்கிறீட்டை உடைக்கிறார்.
"லைட்டைப் பிடி மனே."
அறுபத்துமூன்று வயது. மூச்சு வாங்குகிறது.
ஒரு மணித்தியாலத்தில் ஒரு சாண் உடைந்தது.
தண்ணி யோசித்து
கொஞ்சம் களப்புப் பக்கம் போனது.
மிச்சம் அங்கேயே நின்றது.

திரும்பும்போது, ஈரத்தோடு பின்சீட்டிலிருந்து கேட்டார்,
"சிக்னல் இருக்கா?"
இருந்தது.
"இல்லை" என்றேன்.
மேல் பொத்தானைப் போட்டார்.