கரடித் தழுவல்

வெள்ளிக்கிழமை பங்கு விலை இருபத்தேழு டாலர்.
ஞாயிறு இரவு வந்த கடிதத்தில்
நாற்பத்தொன்று.
பேரம் இல்லை, மிரட்டல் இல்லை.
எங்கள் நூற்றுப்பத்து ஆண்டு உழைப்பின் மேல்
அவர்களுக்குள்ள ஆழ்ந்த மரியாதை ஒரு முழுப் பத்தி.
பதில் வேண்டும், புதன்கிழமைக்குள்.
அன்புடன், என்று கீழே.

துலூத் நகரம். அக்டோபர் கடைசி.
மேசையைச் சுற்றி ஆறு இயக்குநர்கள்,
மூலையில் நான், மார்லிஸ் டெர்வோ,
கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
மினியாபொலிஸிலிருந்து வந்த வக்கீல்
ஈரக் காலுறையோடு விளக்கினார்:
"இதற்குத் தொழிலில் பெயர் கரடித் தழுவல்.
விலை அவ்வளவு நல்லது.
நீங்கள் கை நீட்டினாலும் கட்டிக்கொள்ளும்,
கை கட்டி நின்றாலும் கட்டிக்கொள்ளும்.
வேண்டாம் என்றால்
பங்குதாரர்களே உங்கள் மேல் வழக்குப் போடுவார்கள்."

யாரும் சிரிக்கவில்லை.
இதைக் குறிப்பில் எழுதவில்லை.

நாங்கள் செய்வது தாழ்ப்பாள்.
குப்பைத் தொட்டிக்கு, முகாம்களின் உணவுப் பெட்டிக்கு,
கரடி திறக்க முடியாத தாழ்ப்பாள்.
விரலை வளைத்து உள்ளே அழுத்தினால்தான் திறக்கும்,
கரடிக்கு விரல் அப்படி வளையாது.
வக்கீலுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பிறகு சொற்கள் வந்தன,
சர்க்கஸ் கூடாரம் சரிந்து
உள்ளிருந்ததெல்லாம் தெருவுக்கு வந்த மாதிரி.
வேறொரு நல்லவர் வந்து எங்களை வாங்கினால்
அவர் வெள்ளைக் குதிரை வீரர்.
எங்களை நாங்களே கசப்பாக்கிக்கொண்டால் நச்சு மாத்திரை.
"நம்மிடம் சுறா விரட்டி இருந்ததே?"
என்று கேட்டார் திருமதி ஹாக்ஸ்ருட்.
இருந்தது. போன வருடம் காலாவதி.
தலைவருக்கு மட்டும் ஒரு தங்கப் பாராசூட்,
தள்ளிவிட்டால் விரியும், பதினேழாம் பக்கம்.
தலைவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.
மனப்பாடம்.

ஆர்வோ பெல்கனன் ஒருவர்தான் கரடியாய்க் கத்தினார்:
"ஒரு ஆளையும் நீக்கமாட்டோம் என்று எழுதியிருக்கிறானே,
கரடி விடுகிறான்!
பக்கத்து ஊர்க் கீல் பட்டறையையும்
இப்படித்தான் கட்டிப்பிடித்தான்.
இன்றைக்கு அது பனிவண்டி நிறுத்துமிடம்."

"இருக்கட்டும் ஐயா," என்றார் வக்கீல்,
"நாற்பத்தொன்றுக்கு எதிராக
உங்களிடம் இருக்கும் எண் என்ன?"

ஆர்வோவிடம் எண் இல்லை. பெயர்கள் இருந்தன.
வண்ணப்பூச்சுப் பிரிவில் ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே போனார்,
என் பேனா எட்டாத வேகத்தில்.

அப்போது நான் செய்துகொண்டிருந்ததையும் சொல்லிவிடுகிறேன்.
குறிப்பேட்டின் ஓரத்தில், பென்சிலில், சின்னதாக,
அறுநூற்று நாற்பது பெருக்கல் பதினான்கு.
இருபத்திரண்டு வருடச் சம்பளத்தில்
துளித்துளியாய்ப் பிடித்துச் சேர்ந்த பங்குகள்.
எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, கூடுதலாக.
கூரை.
டேலின் கீழ்வரிசைப் பல்.
அதற்கு மேலும் கொஞ்சம் மிஞ்சியது,
அதற்கு நான் பெயர் வைக்குமுன்
ஆர்வோ பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டார்.
வெதுவெதுப்பாக இருந்தது.
வக்கீல் சொல்லாமல் விட்டது அது:
கரடி கட்டிக்கொள்ளும்போது
முதலில் மேலே படுவது ரோமம்.

ஐந்துக்கு ஒன்று.
"விரிவான விவாதத்துக்குப் பின்" என்று எழுதச் சொன்னார்கள்,
எழுதினேன்.
பென்சில் கணக்கை அழித்தேன்.
தாளில் பள்ளம் இருந்தது.

வெளியே, கார் நிறுத்துமிடத்தில்
எங்கள் தொட்டி, எங்கள் தாழ்ப்பாள்.
உறைபனியின் மேல் ஐந்து நகக் கோடுகள், புதுசு.
இழுத்துப் பார்த்திருக்கிறது. திறக்கவில்லை.

விரலை வளைத்து உள்ளே அழுத்தி
கூட்டத்தில் மிஞ்சிய சாண்ட்விச்சுகளைப் போட்டேன்.
மூடினேன். சொடக்கென்று கேட்க வேண்டும்,
கேட்டதா என்று தெரியவில்லை.
கை விறைத்திருந்தது.
காரை எடுத்துவிட்டேன்.