பத்துக்கு ஏழு

மறுகா வரச் சொன்னார்கள்,
மூன்றாம் முறையாக.
துண்டில் டொக்டரின் முத்திரை
பாதிதான் விழுந்திருந்தது.

நாலு கிராமுக்கு என் தம்பி
கல்முனைக் கோட்டுக் கூண்டில் நின்ற அன்று
இந்த இலைக்கு வேறு பெயர்.
இன்றைக்கு லேகியம்.
அடையாள அட்டை, கிளினிக் கொப்பி,
பழைய போத்தலைத் திருப்பித் தந்ததற்கு ஒரு கையெழுத்து.

"நோவு பத்துக்கு எத்தனை?"
றிஸ்னா மிஸ் கேட்கிறா.
ஏழு என்கிறேன்.
ஒன்பதென்றால் மகரகமைக்கு அனுப்பிவிடுவார்கள்.
ஐந்தென்றால் அளவு குறையும்.
உள்ளதைச் சொன்னால்
இந்தக் கதிரையில் இருக்கவே ஏலாது.

கடைசி பஸ்.
மடியில் போத்தல்.
சவளக்கடைச் சோதனைச் சாவடியில்
பொலிஸ்காரன் மூடியைத் திறந்து மணந்து பார்த்தான்.
துண்டை நீட்டினேன்.
தமிழ் வாசிக்கத் தெரியாது அவனுக்கு;
முத்திரையை மட்டும் பார்த்தான்,
விழாத பாதியை.