மற்றவை

யானைமலையின் தும்பிக்கைப் பக்கம்
நாலு கோடு சிக்னல் வரும்.
நாங்கள் இருப்பது வால் பக்கம்.
மூன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டே
வேம்புக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் நடுவே
போனைத் தூக்கிப் பிடித்து நடப்பேன்.
சாமி வந்திருக்கிறது என்பார்கள் போகிறவர்கள்.
சில நாள் வரும்.

துறை கொடுத்த செயலி.
பிள்ளை வாசிக்க, அது கேட்கும்.
சரியென்றால் சொல் பச்சையாகும்,
தப்பென்றால் சிவக்கும்.
ரொம்பத் தப்பென்றால், சோர்வே தெரியாத ஒரு குரல்
'மீண்டும் முயற்சி செய்வோமா?' என்று கேட்கும்.
அப்படிக் கேட்க எனக்கு வாய்த்ததில்லை,
அதுவும் மதியத்துக்கு மேல்.

முதல் வாரம் வகுப்பே சிவந்தது.
வாழைப்பழம் என்று எழுதியிருக்க
கனிஷ்கா வாளப்பளம் என்பாள்.
அவள் அப்பா ஒத்தக்கடையில் விற்பதும் வாளப்பளம்தான்,
ஒருத்தரும் திருப்பிக் கொடுத்ததில்லை.
யோகபாண்டி 'காகம் கிளையில்' என்று தொடங்கும்போது
சத்துணவுக்கூடத்திலிருந்து ராக்காயி அக்கா கத்தினார்.
திரையில் வந்து நின்றது:
காகம் கிளையில் முட்டை எண்ணியாச்சா.
அன்றைக்குத்தான் அவன் ஒரு வரியை முழுசாக,
மூன்று தடவை,
சிரித்துச் சிரித்து வாசித்தான்.

ஆடியில் சுசாந்த வந்தான்.
ஒடிசா. கிரானைட் பட்டறையில்
பாலிஷ் போடுகிறார் அப்பா.
அவனிடம் ஒரு தமிழ்ச்சொல் இல்லை,
என்னிடம் ஒரு ஒடியாச்சொல் இல்லை.
போனைக் கையில் கொடுத்து உட்காரவைத்தேன்.
'கற்பித்தல்' என்று பதிவேட்டில் எழுதினேன்.
எழுதும்போது கொஞ்சம் கூசியது.

காலை மணிக்கு முன்பே கேட்டுக்கு வெளியே நிற்பான்,
எனக்காக இல்லை, போனுக்காக.
கார்த்திகையில் பச்சை,
பச்சை, பக்கம் முழுக்கப் பச்சை.
நாக்கை மடித்து அவன் சொன்ன ழகரம்
எனக்கே வராது.
வட்டாரத்தில் முதலிடம். அதிகாரி வந்து
படம் எடுத்துக்கொண்டு போனார்.

மைதானத்தில், கோட்டோரம் நின்று கேட்டான்:
'தயவுசெய்து பந்தை என்னிடம் எறிவீர்களா?'
ஆட்டமே நின்றுபோனது.
யோகபாண்டி புழுதியில் உருண்டான்.
'டேய், நியூஸ் வாசிக்கிறாண்டா!'
அன்றிலிருந்து அவன் பெயர் நியூசு.
பெயர் வந்தது. பந்து வரவில்லை.

மறுநாள் போனிடம் போய்
ரகசியம் கேட்பதுபோல மெல்லச் சொன்னான்:
'அங்கிட்டு.'
அது சுற்றியது, யோசித்தது.
'மன்னிக்கவும், புரியவில்லை.'
'அங்கிட்டு.'
'மன்னிக்கவும்.'
அதை அவன் பார்த்த பார்வை
எனக்கு முன்பே தெரியும்.
வந்த அன்று என்னை அப்படித்தான் பார்த்தான்.

பொங்கல் லீவு கழித்து வந்தபோது
முழங்காலில் காயம், சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
'இங்கிட்டுப் போடுறா பங்காளி, வெரசா!'
எட்டிப் பார்க்கவில்லை,
நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன்.
குரல் தெரியும்.
அந்த வரியில் மூன்று சிவப்பு இருக்கிறது.

இந்த மாத அறிக்கை:
சுசாந்த நாயக், தொண்ணூற்றாறிலிருந்து எழுபத்தொன்று.
வாழைப்பழமும் சிவந்துவிட்டது.
வலிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்வானேன்,
அந்த ழகரத்தை நான் வீட்டில் போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
திங்கட்கிழமை மறுபடி உட்காரவைக்க வேண்டும்,
பக்கத்தில் கனிஷ்காவையும்.

சரிவுக்கான காரணத்தைத் தேர்க என்கிறது செயலி.
வருகைக் குறைவு.
உடல்நலம்.
பார்வை அல்லது செவிக் குறைபாடு.
மற்றவை.

மற்றவையைத் தொட்டால் கட்டம் ஒன்று விரிகிறது:
விளக்கவும், இருபது சொற்களுக்குள்.
தொட்டியடியில் நின்று இரண்டு சொல் அடித்தேன்.
பந்து வருகிறது.

அனுப்பினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
கையை இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறேன்.